மூன்று லிட்டர் என்று சொன்னேன்

தண்ணீர் குடியுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதுதான் என் வேலை. பதினோரு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கும் சின்னத் தொண்டு நிறுவனம் எங்களுடையது. ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களும், அந்தப் பக்கம் சேவுகம்பட்டி வரைக்கும் சில ஊர்களும் என் பொறுப்பு. சுருட்டிய படம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்தில் போவேன். மகளிர் குழுக் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடம் என்று பெண்கள் கூடுகிற இடமாகப் பார்த்துப் படத்தை விரிப்பேன். ‘நாள் முழுவதும் நீர்ச்சத்து குறையாமல் இருக்க எளிய வழிகள்’ என்று அதன் தலையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

எளிய வழிகளாம். எழுந்து பல் விளக்கியதும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு இன்னொன்று. வெளியே கிளம்பினால் கையில் பாட்டில். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் மணிக்கொரு தரம் நாலு மடக்கு. டீயைக் குறைத்து மோரைக் கூட்டுங்கள். கம்மங்கூழைக் கரைத்துக் குடியுங்கள். வெயில் காலத்தில் வெள்ளரி, தர்பூசணி, நுங்கு. வெயிலில் வேலை செய்தால் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும். இதில் ஒன்றுகூடத் தப்பில்லை. குடித்தது உடம்பை விட்டு வெளியே போகும் என்பதை மட்டும் படம் வரைந்தவர் மறந்துவிட்டார்.

மறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. படத்தின் அடியில் ஆறு கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டம் வெளிர் மஞ்சள், அப்படியே மஞ்சள் ஏறி ஏறி ஆறாவது கட்டம் கடுங்காப்பி நிறம். உங்கள் சிறுநீர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். அது போகிற நிறம் வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. போகிற இடம்தான் தெரியவில்லை. படத்தைப் பிடித்துக்கொண்டு பேசும்போது என் கட்டைவிரல் எப்போதும் அந்த ஆறாவது கட்டத்தின் மேல்தான் இருக்கும். ஏனென்றால் அது என் கட்டம்.

காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் மாலை ஆறரைக்குத் திரும்பும்வரை நான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன். பையில் பாட்டில் இருக்கும். அது சும்மா காட்டுவதற்கு. பேச்சின் நடுவே ஒரு முறை மூடியைத் திறந்து உதட்டை நனைத்துவிட்டு, ‘பாருங்க, இப்படித்தான்’ என்பேன். ஊருக்கு உபதேசமடி பெண்ணே, அது உனக்கில்லையடி கண்ணே என்று யாரோ எனக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்போது அதை நினைத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

இதை எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டில் அது சோறு தின்பதைப்போல ஒரு பழக்கம். சின்ன வயதில் வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போவோம். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலத்திலிருந்தே வீட்டுப் பெண்கள் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ‘வெளிய கிளம்புற பொம்பளைக்கு எதுக்குத் தண்ணி’ என்பார் அம்மா. வழியில் ஆண்கள் ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்கினார்கள், குடித்தார்கள், சாலையோரம் திரும்பி நின்றார்கள், ஏறினார்கள். பெண்கள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள ஜெபமாலை சொன்னார்கள். அதை நான் பக்தி என்று நினைத்தேன். கல்யாணத்தன்று எனக்கும் அதேதான். பட்டுப்புடவை கட்டிய பிறகு யாரும் ஒரு டம்ளர் தண்ணீர் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அலுவலகத்திலும் அதே பெருமைதான். என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மதியம் டப்பாவைத் திறக்கும்போது, ‘காலைல வீட்ல போனது, இனிமே வீட்டுக்குப் போய்த்தான்’ என்று ஒருத்தி சொல்வாள். ‘எனக்கு ஏழு மணி வரைக்கும் தாங்கும்’ என்று நான் சொல்வேன். ஏதோ நல்ல குடும்பத்தில் வளர்ந்ததற்கு அத்தாட்சி போல. அடக்குவதில் யார் கெட்டிக்காரி என்று மூன்று பட்டதாரிகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். தூ.

சுத்தம் பார்க்கிறவள் நான். அதை ஒரு குறையாக அன்றைக்கு நினைக்கவில்லை. பேருந்து நிலையக் கழிப்பறைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணாகப் பிறந்து பேருந்தில் போன யாருக்கும் தெரியும். வாசலில் கட்டணம் வாங்குகிறவர் நம் முகத்தையே பார்ப்பார். உள்ளே கால் வைத்தால் செருப்பு நனையும். எதில் நனைந்தது என்று யோசித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை. மூலையில் ரத்தக்கறையோடு சுருட்டி எறிந்த துணி, அதன்மேல் ஈ. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும். ஒரே ஒரு முறை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், உள்ளே போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. குமட்டல்தான் வந்தது. வெளியே ஓடிவந்து சாக்கடையோரம் காலையில் தின்ற இட்லியைக் கக்கினேன். அதோடு சரி. அதற்குப் பிறகு தாகம் எவ்வளவோ மேல் என்று தோன்றிவிட்டது.

அலுவலகத்தில் கழிப்பறை இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. ஆனால் பூட்டி இருந்தது. கீழே கடைக்கு வருகிறவர்கள் ஏறி வந்து அசிங்கம் பண்ணுகிறார்கள் என்று மேலாளர் பூட்டு போட்டார். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அதற்கு மூன்று சாவியா செய்ய முடியாது? ஒரே சாவி. அது அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், தொலைந்துவிடாமல் இருக்க ஒரு நீளமான மரக்கட்டையில் கட்டியிருக்கும். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி எடுக்க வேண்டும். அவர் நகர மாட்டார்.

“என்ன மேடம், இப்பத்தான போனீங்க,” என்று ஒரு நாள் சொன்னார். எதிரே இரண்டு விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிரித்தார்.

அந்தக் கட்டையைத் தொடுவதை அன்றோடு விட்டேன். அந்த மனிதரின் சிரிப்பை விட மூத்திரக் கடுப்பு எவ்வளவோ மரியாதையாக நடத்தியது.

கடுப்பு அடிக்கடி வந்தது. இடுப்பின் வலது பக்கம் ஒரு மந்தமான வலி இருந்துகொண்டே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை குளிர்க்காய்ச்சல் வந்து பல் கிட்டியது. கணவர் என்னை ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப் போனார். என்னைவிட வயதில் சின்னவர். முதல் கேள்வியே அதுதான்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?”

“மூணு லிட்டர்,” என்றேன்.

யோசிக்கவே இல்லை. பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன எண், தானாக வந்து விழுந்தது. வந்த பிறகாவது திருத்தியிருக்கலாம். ஆனால் கணவர் பக்கத்தில் இருந்தார், ‘இவங்க வேலையே அதுதான் டாக்டர், ஊருக்கெல்லாம் இவங்கதான் சொல்றாங்க’ என்று பெருமையாக வேறு சொன்னார். மருத்துவர் நல்லது என்று தலையாட்டி எழுதிக்கொண்டார். அந்த எழுத்தை அழிக்க எனக்கு நா எழவில்லை.

மருந்து கொடுத்தார், சரியானது. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி மருந்து. அந்த வருடத்தில் நாலு தடவை இப்படி ஆனது. ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் ஒரு சின்னக் கல் இருந்தது. மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். மூன்று லிட்டர் குடிக்கிறவருக்கு ஏன் இப்படி வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. சர்க்கரை பார்த்தார். கழுத்துச் சுரப்பியில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று ரத்தம் எடுத்தார். மதுரைக்கு ஒரு முறை அனுப்பினார். நான் சொன்ன ஒரு பொய்க்காக அந்தப் பெண் இருக்கிற பரிசோதனையையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்குப் போகும் பேருந்திலும் நான் தண்ணீர் குடிக்கவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். சிறுநீர்ப் பரிசோதனை இருக்கும் நாட்களில் விடியற்காலை எழுந்து, அடுப்படியில் நின்றபடி, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். ஆறு கட்டப் படம் மனப்பாடமாகத் தெரிந்தவள் ஆயிற்றே. முதல் கட்டத்து நிறம் வரும்வரை காத்திருந்து அதைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவேன். ஆய்வகத்தில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். பச்சைத்தண்ணீர் மாதிரி இருக்கும். எனக்கு ஒரு நிம்மதி. பரீட்சையில் காப்பியடித்துத் தேறினவளின் நிம்மதி. என் சொந்த உடம்பை வைத்துக்கொண்டு, எனக்கு வைத்தியம் பார்க்கிறவரை ஏமாற்றினேன். வருடா வருடம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். இதை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. இது பொய் என்றே எனக்கு உறைக்கவில்லை, மானத்தைக் காப்பாற்றிக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன்.

வைகாசி வெயிலில், ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் கூட்டம் முடித்துவிட்டுப் பேருந்துக்கு நின்றபோது, வலது பக்கம் யாரோ கத்தியை வைத்துத் திருகியது போல வலி. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன், பிறகு மண்ணில் சாய்ந்தேன். படம் சாலையில் உருண்டு போனது. பூ மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வண்டிக்காரர்தான் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். மல்லிகை வாடைக்கு நடுவே வழியெல்லாம் வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கு முன்தயாரிப்பு எதுவும் இல்லை. குழாய் போட்டு எடுத்தார்கள். கொஞ்சம்தான் வந்தது. மருத்துவர் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து என் கட்டிலோரத்தில் வைத்தார். கடுங்காப்பி நிறத்தில், அடியில் ஏதோ படிந்து, மூடியைத் தாண்டி நாற்றம் வந்தது. என் உடம்புக்குள் இருந்து வந்ததைப் பார்த்து நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இது மூணு லிட்டர் குடிக்கிறவங்களோடது இல்ல,” என்றார். குரலை உயர்த்தவில்லை. “நீங்க சொன்னத நம்பி நான் ஒரு வருஷம் தப்பான எடத்துல தேடிட்டு இருந்திருக்கேன். இப்பவாவது சொல்லுங்க. எவ்வளவு குடிப்பீங்க?”

“காலைல ஒரு டம்ளர். ராத்திரி ரெண்டு.”

“பகல்ல?”

“இல்ல.”

“எத்தன வருஷமா?”

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பேருந்து நிலையத்துக் கழிப்பறையை நான் பார்த்த அதே பார்வை. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல’ என்று வெளியே வந்த பிறகு கேட்டார். என்ன சொல்வது? மூத்திரம் பெய்ய இடம் இல்லை என்று கட்டின புருஷனிடம் சொல்லக்கூட வெட்கப்படுகிற ஒருத்தி, சிறுநீரின் நிறத்தைப் பற்றி ஊர்ப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறாள்.

கல் இறங்கி வந்து சிறுநீர்க்குழாயை அடைத்திருந்தது. சிறுநீரகம் வீங்கி, அதில் சீழ் பிடித்திருந்தது. முதலில் உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். சில வாரம் கழித்துக் கல்லை எடுத்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனைக் காட்டி மருத்துவர் சொன்னார்: வலது சிறுநீரகம் சுருங்க ஆரம்பித்துவிட்டது, பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது, இன்னொரு முறை இப்படி அடைத்துச் சீழ் பிடித்தால் அது மிஞ்சாது. மணிக்கொரு முறை குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கவே கூடாது. “இது உங்களுக்கு மருந்து மாதிரி. மருந்த மறக்கலாமா?” என்று கேட்டார். குடிப்பது எளிய வழி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எங்கே போவது?

வேலைக்குத் திரும்பிய அன்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை மேலாளரிடம் நீட்டினேன். சாவியை அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து வேறு எங்காவது மாட்டச் சொன்னேன். வேண்டிய அளவுக்கு விளக்கியும் சொன்னேன். அவர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

“நம்ம ஆபீஸுக்கே இது நல்ல விஷயம் இல்ல மேடம். நாமளே இதத்தான் ஊருக்குச் சொல்றோம். வெளிய தெரிஞ்சா எப்படி இருக்கும்?” என்றார். “ஃபைல்ல வைக்கிறேன்.”

ஃபைலில் வைத்தார். மறுநாள் நான் அந்தச் சாவியைக் கட்டையோடு எடுத்துக்கொண்டு பூட்டுக்கடைக்குப் போய் மூன்று மாற்றுச்சாவி அடித்து வந்து, மற்ற இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒருத்தி வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி, ‘எனக்கு எதுக்கு, எனக்குத்தான் தாங்குமே’ என்று திருப்பித் தந்தாள். அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

அலுவலகம் ஒருவழியாகச் சரியானது. வெளியூர்தான் பயமாக இருந்தது. அந்த மாதத்துச் செவ்வாய்க்கிழமை வந்தது. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் நூறு நாள் வேலை செய்கிற பெண்களிடம் நான் பேச வேண்டும். பதினோரு வருடமாகப் போகிற இடம். வெட்டவெளி. கரைமேல் இரண்டு வேப்பமரம், உள்ளே கண்ணுக்கெட்டியவரை சீமைக்கருவேலம். அங்கே என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தை வைத்துக்கொண்டு வருகிற பெண் வேறு யாராக இருக்க முடியும்?

பேருந்தில் ஏறியதிலிருந்து மணி பார்த்துக் குடித்தேன். நாலு மடக்கு, மறுபடி நாலு மடக்கு. குடிக்காமலே போய்விடலாம் என்று ஒவ்வொரு மடக்குக்கும் தோன்றியது. மருத்துவர் கட்டிலோரத்தில் வைத்த அந்தப் பாட்டிலும் அதன் நாற்றமும் நினைவுக்கு வரும், குடிப்பேன். கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். படத்தைப் பாதி விரித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அடிவயிறு கல்லாக இறுகி, வலது பக்கம் மெல்ல வலிக்க ஆரம்பித்தது. அந்த வலியை எனக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே எல்லோருக்கும் மூத்தவராக ஒரு அக்கா இருக்கிறார். அறுபது வயது இருக்கும். என் பேச்சுக்குத் தலையாட்டாமல், சிரிக்காமல், வெற்றிலையை மென்றபடி கேட்பார். அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“அக்கா, இங்க எங்கக்கா போறது?”

அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பிறகு எழுந்து, பேரைச் சொல்லாமல் மூன்று பேரைக் கையால் கூப்பிட்டார். கருவேல மரத்தின் கவட்டையில் ஒரு சாக்குப்பை செருகியிருந்தது. அதிலிருந்து இரண்டு பழைய சேலைகளை உருவினார்கள். முட்களுக்கு நடுவே ஓர் ஒற்றையடித்தடம் இருந்தது; இத்தனை வருடத்தில் என் கண்ணில் பட்டதில்லை. உள்ளே கொஞ்ச தூரம் போனதும் நாலு பேரும் வெளிப்பக்கம் பார்த்து நின்று, சேலையை நாலு மூலைக்கும் பிடித்தார்கள். நடுவில் நான்.

நன்றாக இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய். நாறியது. வெயிலில் காய்ந்த மலத்தின் நெடி, என் கணுக்காலில் வந்து உட்கார்ந்த ஈக்கள், கிழிந்த சேலைக்கு இடையே தெரிந்த ஆகாயம். நாலு முதுகுகளுக்கு நடுவே குந்தியிருந்தேன், எழுந்த சத்தம் எனக்கே கேட்டது. செத்துப் போகலாம்போல் இருந்தது. ஆனால் வலி இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வலது பக்கம் லேசானது. சேலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் யார் வீட்டு ஆடு குட்டி போட்டது என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எனக்காகத்தான் என்று அப்புறம்தான் புரிந்தது.

வெளியே வந்ததும் மற்றவர்கள் சேலையை மடித்தபடி முன்னால் நடந்தார்கள். அக்கா என் கையில் தண்ணீர் ஊற்றினார்.

“எம்புட்டு நாளாக்கா இப்படி மறைப்புப் பிடிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“வேல ஆரம்பிச்ச நாள்லருந்து. இல்லாட்டி இந்த வெயில்ல தண்ணி குடிக்காம மண்ணு வெட்ட முடியுமா?”

“நான் இத்தன தடவ வந்திருக்கேன். ஒருத்தர் போய்க்கூட நான் பாத்ததில்லையே.”

“நீங்க வார அன்னைக்கு யாரும் போறதில்ல டீச்சரு.”

“ஏன்?”

அவர் வெற்றிலைச் சாறைத் தள்ளிப்போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“மொத மொத நீங்க வந்த அன்னைக்கு, எங்காளு ஒருத்தி இந்தா இங்கருந்துதான் சேலையச் சரி பண்ணிக்கிட்டு வந்தா. நீங்க கர்ச்சீப்ப எடுத்து மூக்குல வச்சிக்கிட்டு, அங்கிட்டுத் திரும்பித் துப்புனீங்க. எங்களுக்கு ஒரு மாதிரியாப் போச்சு. படிச்ச பிள்ள, நம்மளப் பாத்து அதுக்குக் கொமட்டுது. மாசத்துல ஒரு நாள்தான, பொறுத்துக்கிருவோம்னு விட்டுட்டோம்.”

எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யாக இருக்க முடியாது. அந்தக் கர்ச்சீப் என்னுடையதுதான், அந்தத் துப்பலும் என்னுடையதுதான். நான் அப்படிச் செய்கிறவள்தான்.

“போகாம எப்படிக்கா இருப்பீங்க?”

“தண்ணி குடிக்கிறதில்ல,” என்றார் அக்கா. “நீங்க பஸ் ஏறுன பெறகு குடிப்போம்.”

பதினோரு வருடம். மாதத்துக்கு ஒரு நாள். காலை எட்டு மணிக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பொட்டலில் இறங்கிய பெண்கள், தண்ணீர் குடிப்பது எப்படி என்று நான் பேசி முடித்துப் போகும்வரை வாயை நனைக்காமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். தலையாட்டியிருக்கிறார்கள். கைகூடத் தட்டியிருக்கிறார்கள். சில மாதங்களில் நான் இரண்டு மணி வரைக்கும் பேசியிருக்கிறேன். எந்தக் கழிப்பறையைப் பார்த்தும் வராத அருவருப்பு அப்போது எனக்கு என் மேல் வந்தது. கையில் இருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றேன். மரத்தடியில் இருபது முப்பது பெண்கள் படத்தைப் பார்த்தபடி எனக்காகக் காத்திருந்தார்கள். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

“இன்னைக்குக் காலைலருந்து யாராச்சும் குடிச்சீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“நீங்க வாரீங்கன்னு நேத்தே சொல்லிட்டாங்களே டீச்சரு,” என்றார்.